முழுசாகக் கேட்டவர்கள்

சுதர்சன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பியபோது நான் அவர் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே குந்தியிருந்தேன். துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசினால் எதிரொலி வராதாம். ஹைதராபாத் கொண்டாப்பூரில் மூன்று படுக்கையறை வீடு, பேச இடம் அலமாரி.

"புஷ்பாக்கா, இதைப் பாருங்க. தொண்ணூத்தி நாலு சதவீதம்!"

"எதுல?"

"உங்க பேச்சைக் கேக்க ஆரம்பிச்சவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேரு கடைசி வரைக்கும் கேட்டிருக்காங்க. பொதுவா பாதிப் பேரு பாதியிலயே ஓடிருவாங்க. இந்தக் கோடு பாருங்க, கீழ எறங்கவே இல்லீங்க்கா."

கோடு நேராகத்தான் இருந்தது. சிமெண்டு பூசுவதற்கு முன் கொத்தனார் கட்டும் நூல் மாதிரி.

அந்த அடுக்குமாடியில் துப்புரவு வேலைக்காரர்களுக்கு நான் சூப்பர்வைசர். சுதர்சன் ஆறாவது மாடி, கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் பார்க்கிங்கில் நின்று போனில் என் தம்பி மணிவண்ணனை நான் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அக்கா, இதை அப்படியே ரெக்கார்டு பண்ணலாமுங்க்கா, பாட்காஸ்ட்டாப் போடலாம்" என்றார். அன்றைக்குத் திட்டியது ரியாக்டரைப் பற்றி.

பட்டான்செருவில் மருந்துக் கம்பெனிச் சுவர்களைக் கட்டியவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். போளூர்ப் பக்கத்திலிருந்து ஜல்லி சுமக்க வந்தவர். அவர் கட்டிய சுவருக்குள் நான் ஹெல்பராகப் போனேன். ஒருநாள், நைட்ரஜன் அடைத்திருந்த ரியாக்டரை, மருந்து காய்ச்சும் பெரிய மூடிய தொட்டியை, கழுவ ஒருத்தன் உள்ளே இறங்கினான். வரவில்லை. அவனைத் தூக்கப் போன இன்னொருத்தனும் வரவில்லை. கயிறு போட்டு இழுத்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு பேர் முகத்திலும் வலித்த அடையாளம் ஒன்றும் இல்லை. தூங்குவது போலத்தான் இருந்தார்கள். அதற்கப்புறம் நான் அந்த வேலைக்குப் போகவில்லை.

மணிவண்ணன் போகிறான். வேறு கம்பெனி, அதே மாதிரி ரியாக்டர். வீட்டில் சொன்னால், "ஹவ் க்கா, ஹவ்" என்று ஆமாம் போடுவான். அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டுவான். அதனால்தான் சுதர்சன் கேட்டதும் சரி என்றேன். அக்கா வாயால் சொன்னால் ஏறாதது, காதில் ஒயர் மாட்டினால் ஏறுமோ என்று. ஒரு மாதிரி அலுத்துப்போய் எடுத்த முடிவுதான்.

'ஷிப்டு பேச்சு' என்று பெயர் வைத்தோம். முதலில் என் போனிலேயே பேசினேன். சுதர்சனுக்கு அது ஆகவில்லை. கண்டென்சர் மைக் வாங்கினார். ஈ நடந்தாலும் பிடிக்கும் என்றார். ஈயை மட்டுமா பிடித்தது? மேல்வீட்டில் டைல்ஸ் துளைப்பதைப் பிடித்தது, ஜன்னல் புறாவைப் பிடித்தது, அவர் மனைவி சுபாஸ்ரீ சமையலறையில் மிக்ஸி போடுவதைப் பிடித்தது. அதனால் என்னை அலமாரிக்குள் தள்ளினார்கள். மைக் பிடிக்கக் கூடாததை எல்லாம் பிடிக்கிறது என்றால் மைக்கை மாற்றுவார்களா, ஆளை அடைப்பார்களா? கேட்டேன்.

"டைனமிக் மைக்னா வாய்க்குப் பக்கத்துல இருக்கறதை மட்டும்தான் எடுக்கும். ஆனா குரலு கொஞ்சம் மங்கலா இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல என்ன பண்றதுன்னு பாத்துட்டு இருக்கேனுங்க்கா."

பார்த்துக்கொண்டே இருந்தார். மைக் பேச்சு ஆரம்பித்தால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

தொடக்கத்தில் கேட்டவர்கள் முப்பது பேர் சொச்சம். அதிலும் பாதி அமெரிக்காவிலிருந்து. "அங்க எவன்யா ரியாக்டர் கழுவறான்?" என்று கேட்டதற்கு, "ஆளுங்க இல்லீங்க்கா, மெஷினு. தானா எறக்கி வெச்சுக்கும். அதையும் எண்ணிக்கையில சேத்துக் காட்டும்" என்றார். மெஷினுக்குப் போய் மூச்சைக் கொடுத்தேனே என்று இருந்தது. மணிவண்ணன் கம்பெனி மேஸ்திரி வேணுகோபால் மாமாவின் பேரனுக்குக் காதுகுத்து நடந்தபோது பந்தியில் உட்கார்ந்து எல்லாரிடமும் புலம்பினேன். "இவ்ளோ பேசறேன், ஒருத்தரும் கேக்க மாட்டேன்றீங்களே?"

அதற்கப்புறம் இருநூறைத் தாண்டியது. எல்லாம் பட்டான்செருவிலிருந்து. இப்போது தொண்ணூற்று நாலு சதவீதம்.

"எப்போ கேக்கறாங்கன்னும் காட்டுதுங்க்கா" என்று சுதர்சன் வேறொரு படத்தைத் திறந்தார். மூன்று மேடுகள் இருந்தன. நள்ளிரவு பன்னிரண்டரை, காலை எட்டரை, மாலை நாலரை. "இது ஏன் இப்படின்னு எனக்குப் புரியலைங்க."

எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று நினைத்தேன். "பன்னெண்டரைன்னா செகண்டு ஷிப்டு விட்டு வந்து, துன்னுட்டு, படுக்கற நேரம். எட்டரைன்னா நைட்டு ஷிப்டுகாரன் டிபன் துன்ற நேரம். நாலரைன்னா பஸ்டு ஷிப்டு ஆளு ஒரு தூக்கம் போட்டு எழுந்து டீக்கடைக்குப் போற நேரம்."

"சூப்பருங்க்கா! இதை நான் ஸ்லைடு போட்டு வெக்கறேன்."

போட்டும் வைத்தார். பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பெருமையைவிட நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை மணிவண்ணன் கம்பெனியில் ஷட்டவுன். ப்ளாண்டை நிறுத்திவிட்டு ரியாக்டர்களைக் கழுவுவார்கள். அவன் பெயரும் அதில் இருந்தது. ஏழாவது நிகழ்ச்சி முழுக்க நான் பேசியது அதைத்தான். அவனே போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான், எல்லா நிகழ்ச்சிகளுக்கு நேராகவும் பச்சை டிக்கோடு. கேட்டுவிட்டான் என்றுதான் இருந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து லிப்ட் வாசலில் சுதர்சன் என்னைப் பிடித்தார். முகம் சரியில்லை.

"அக்கா, எட்டாவது எபிசோடுல மைக் ஒயரு கழண்டுபோச்சில்லீங்களா? கடைசி ஆறு நிமிஷம் வெறும் அமைதி. நான் கவனிக்காம அப்படியே ஏத்திட்டேன்."

"சரி, அதுக்கு இன்னா?"

"அதையும் முழுசாக் கேட்டிருக்காங்க. ஒண்ணுமே இல்லாத ஆறு நிமிஷத்தை."

"மரியாதை" என்றேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை இல்லை. எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் தாலி கட்டும்போதே பந்திக்கு எழுந்து போகிறவர்கள்.

"இன்னொண்ணுங்க்கா. அந்த நேரம் காட்டுற படம் இருக்குல்ல? அது நம்ம ஊரு நேரம் இல்லை. லண்டன் நேரம். செட்டிங்க்ஸை நான் மாத்தல. நம்மளுக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். தப்பு என்மேலதானுங்க்கா."

மாப் குச்சியைப் பிடித்தபடி கூட்டினேன். பன்னிரண்டரையோடு அஞ்சரை, காலை ஆறு. எட்டரையோடு கூட்டினால் மதியம் இரண்டு. நாலரையோடு கூட்டினால் ராத்திரி பத்து.

ஆறு, இரண்டு, பத்து. ஷிப்டு ஆரம்பிக்கிற நேரம். அந்த நேரத்தில் எவன் கையிலும் போன் இருக்காது. மருந்துக் கம்பெனியில் போன் உள்ளே போகாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். புறாக்கூடு மாதிரி ஒரு லாக்கர், நம்பர் போட்ட டோக்கன்.

"என்னங்க்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல தம்பி. நீ போட்ட ஸ்லைட கிழிச்சுப் போடு."

அன்றைக்கு வேலை முடிந்ததும் நேராக மணிவண்ணன் ரூமுக்குப் போனேன். கட்டிலில் படுத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் ப்ரோக்ராம கேக்கறியாடா?"

"கேக்காம? எல்லாத்துக்கும் டிக்கு இருக்குது பாரு."

"ரியாக்டருக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி இன்னா பண்ணணும்? சொல்லு."

எழுந்து உட்கார்ந்தான். தலையைச் சொறிந்தான். "மேன்ஹோல தொறக்கணும். குனிஞ்சு மோந்து பாக்கணும். நெடி வந்தா எறங்கக் கூடாது."

நைட்ரஜனுக்கு நெடியே கிடையாது. அதை மட்டுமே ஒரு நிகழ்ச்சி முழுக்கச் சொல்லியிருந்தேன். மூக்கை நம்பாதே, மூக்கை நம்பாதே என்று, சுபாஸ்ரீயின் புடவை நாப்தலின் நாற்றத்துக்குள் உட்கார்ந்து, வியர்த்துக் கொட்ட.

"நீ கேக்கவே இல்லடா."

"ஓட வுட்டேன்க்கா."

"எங்க ஓட வுட்ட?"

அவனுக்கே கோபம் வந்துவிட்டது. "உனக்கு நெம்பர் தானே வேணும்? வேணு மாமா வூட்டு காதுகுத்துல அழுதியே! மாமா அன்னிக்கே குரூப்புல போட்டுட்டாரு. கேட்டுல போன் குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் புஷ்பா ப்ரோக்ராம ஓட வுட்டு, சவுண்ட கொறச்சிட்டுக் குடுக்கணும்னு. லாக்கர்ல சும்மாதானே கெடக்குது? எட்டு மணி நேரம் ஓடினா எட்டு எபிசோடு ஏறும். நல்லதுதானே பண்ணோம்? கைக்கு, ஏன் இப்படி கத்தற?"

விசேஷத்துக்கு வரமுடியாதவன் கவரில் மொய் வைத்து யார் கையிலாவது கொடுத்தனுப்புவான் அல்லவா, அதுதான் இது. தலையைக் காட்ட வேண்டாம், சாப்பிட வேண்டாம், பேர் வந்துவிடும். என் ஆட்கள் எனக்கு மொய் வைத்திருக்கிறார்கள். இருநூறு போன்கள் இரும்புப் பொந்துக்குள் ஒன்றுக்கொன்று முணுமுணுத்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. ரியாக்டரில் இறங்கப் போகிறவன் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்.

வேணுகோபால் மாமாவுக்குப் போன் போட்டேன். மனிதர் குரலில் அத்தனை சந்தோஷம்.

"ஒரு ஆள வுடல புஷ்பா! புதுசா சேந்த பீகாரு பசங்க கூடப் போட்டானுங்க."

"அவனுங்களுக்குத் தமிழ் தெரியுமா மாமா?"

"தெரியாட்டி இன்னா? நம்ம பொண்ணு பேசுது, ஒரு மரியாதை."

"மாமா, ஞாயித்துக்கெழம ரியாக்டருக்கு மணிவண்ணன அனுப்பாத."

"இன்னா பேசற நீ? ஆளு கொறச்சலா இருக்குது. அவன் ஒல்லி, மேன்ஹோல்ல ஈஸியா நொழைவான்."

"ஆக்சிஜன் மீட்டர் வெச்சுப் பாக்காம எறக்குவியா?"

"அதெல்லாம் ஆபீசரு பாத்துக்குவாரும்மா. நீ ப்ரோக்ராம போடு, நாங்க ஏத்தி வுடறோம்."

இவரிடம் மேற்கொண்டு பேசி என்ன பிரயோஜனம்? வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சுதர்சன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேஜைமேல் மூன்று மைக்குகள். கண்டென்சர், யாரிடமோ கடன் வாங்கிய டைனமிக், இன்னொன்று சட்டைக் காலரில் மாட்டுகிற சின்னது.

"யோசிச்சேனுங்க்கா. நம்ம தரம் பத்தலை. ஆடியோ இன்னும் நல்லா இருந்தா ஜனங்க உண்மையிலயே கேப்பாங்க. இந்த டைனமிக்குல ஒரு தடவை…"

"தம்பி, கேக்காதவன் காதுல தங்கத்துல மைக் வெச்சாலும் கேக்க மாட்டான்."

"அப்போ என்னதாங்க்கா பண்றது?" அவருக்கும் எரிச்சல் வந்திருந்தது. "நாலு மாசமா ராத்திரியில உக்காந்து உங்க இருமலை ஒண்ணொண்ணா வெட்டியிருக்கேன். லாக்கருக்காகவா வெட்டினேன்?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்க நேரம் இல்லை. "போன கேட்டுல குடுத்துடறாங்க. அதுக்கு முன்னாடி எங்க இருக்கானுங்க? ஷேர் ஆட்டோல. அங்கதான் பேசணும்."

"ஆட்டோ சத்தத்துல என்னத்தைங்க்கா ரெக்கார்டு பண்றது?" என்றவர், சொல்லிக்கொண்டே காலர் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். "இது வேணா பரவால்லை. வாய்க்கு ஒரு சாண் கீழ இருக்கும். அதனால பக்கத்துச் சத்தத்தைவிட ஆளு குரலு தூக்கலாத் தெரியும். உங்க போன்லயே சொருகிக்கலாம். ஆனா துணியில உரசாமப் பாத்துக்கணும். உரசுனா கரகரன்னு…"

"உரசட்டும், குடு."

ஞாயிறு விடிகாலை ஷேர் ஆட்டோ வரும் சந்திப்பில் போய் நின்றேன். ஆட்டோவில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். டிரைவருக்குப் பக்கத்தில் வேணுகோபால் மாமா, பின்னால் பாக்கிங் பிரிவு கமலா, இரண்டு பீகார்ப் பையன்கள், ஓரத்தில் தொங்கியபடி மணிவண்ணன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான்.

"தள்ளு" என்று கமலாவின் மடியில் பாதி உட்கார்ந்தேன்.

"எங்க புஷ்பா, மறுபடியும் வேலைக்கா?" என்றாள் கமலா.

"ஆமா, உங்க காதுக்கு வேலை குடுக்க."

மைக்கை எடுத்து மணிவண்ணன் காலரில் மாட்டினேன். என் காலரில் இல்லை. அவன் பிடுங்கப் பார்த்தான். "நக்கோ க்கா, வேணாம்! எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இன்னிக்கு நீ பேசற, நான் கேக்கறேன். ரியாக்டர்ல எறங்கறதுக்கு முன்னாடி இன்னா பண்ணணும்?"

"மோந்து பாக்கணும்" என்று முன்சீட்டிலிருந்து மாமா சொன்னார்.

"உன் மூக்குக்கு நைட்ரஜன் தெரியாது மாமா. யாரு மூக்குக்கும் தெரியாது. அதுக்கு நெடி இல்ல, நெறம் இல்ல, எரிச்சல் இல்ல. தல உள்ள போன ஒடனே சுருண்டு வுழுவ. ரெண்டு பேரக் கயித்துல இழுத்துருக்கேன், தெரியுமில்ல? டேய் மணி, சொல்லு. மீட்டர் வெச்சுப் பாக்காம தலைய உள்ள வுட மாட்டேன். சொல்லு."

"வுடு க்கா."

"சொல்றா."

"சொல்லேண்டா, கம்பெனி கேட்டு வந்துடப் போவுது" என்றாள் கமலா. "இன்னா, பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க, வெக்கப்படற?"

ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. தமிழ் தெரியாத பையன்களும் சிரித்தார்கள். மணிவண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மீட்டர் வெச்சுப் பாக்காம தலைய உள்ள வுட மாட்டேன்" என்றான்.

"மீட்டர்ல எவ்ளோ காட்டணும்?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"ஆக்சிஜன் பத்தொம்பதரைக்குக் கீழ காட்டினா எறங்கக் கூடாது. சொல்லு."

"பதினெட்டரை."

"பத்தொம்பதரைடா, சோம்பேறி!" இந்தத் தடவை கத்தியது டிரைவர்.

இப்படியே போனது. வெளியே ஒருத்தன் நிற்கவேண்டும், உள்ளே இருப்பவன் விழுந்தாலும் அவன் இறங்கக் கூடாது, கயிற்றால்தான் இழுக்கவேண்டும் என்பதை நான்கு முறை சொல்லவைத்தேன். மீட்டர் கணக்கையும் சேர்த்து இந்தியில் பீகார்ப் பையன்களுக்கு அவனையே சொல்லவைத்தேன். மாமா இரண்டு தடவை "போதும் புஷ்பா, பசங்களப் பயமுறுத்தாத" என்றார். பயப்படட்டும் என்றேன்.

"டேய் மணி" என்றாள் கமலா இறங்கும்போது, "மீட்டர் இல்லாம எறங்கினேன்னு தெரிஞ்சுது, திரும்பிப் போறப்போ இத ஸ்பீக்கர்ல போட்டு ஊரு முழுக்க கேக்க வெப்பேன்."

கேட்டில் வரிசையாகப் போனைக் கொடுத்தார்கள். செக்யூரிட்டி அப்துல் ரஹீம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பொந்துக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. எவனோ சத்தத்தைக் குறைக்க மறந்திருக்கிறான். "வணக்கம், நான் புஷ்பா பேசறேன்" என்று மேலும் கீழும் இரும்பு அதிர்ந்தது.

அப்துல் ரஹீம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா பீபீ அது? ரோஜ் இதே ஆவாஜ், தினம் இதே குரல். ஒண்ணும் புரியல. சண்டை போடறீங்கன்னு நினைச்சேன்."

"சண்டைதான் பாய்" என்றேன்.

மணிவண்ணன் காலர் மைக்கைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். கை வேலையில் நிற்கவில்லை. அரிசியை இரண்டு முறை களைந்தேன். சுதர்சன் அழைத்தார். ஆட்டோவில் பதிவானதை அனுப்பியிருந்தேன், கேட்டாராம். ஹாரன், கரகரப்பு, சிரிப்பு, எல்லாம் கலந்து கிடக்கிறதாம். சிரிப்பை வெட்டலாமா என்று கேட்டார்.

"அதுல கைய வெச்சே, இனிமே அலமாரிக்குள்ள நீதான் குந்தணும்" என்றேன்.

வெயில் ஏறிய பிறகு தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"அக்கா." மணிவண்ணன்தான். "செக்யூரிட்டி பாய் போன்லருந்து பேசறேன்."

"இன்னாடா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? மீட்டர்ல பேட்டரி செத்துக் கெடக்குது. எப்போ செத்துச்சோ, எவனுக்கும் தெரியல. ஆபீசரு பக்கத்து ப்ளாண்டுக்கு வேற மீட்டர் கேக்கப் போயிருக்காரு. வேணு மாமா மேன்ஹோல்கிட்ட நின்னு கத்தறாரு."

"நீ எறங்கினியா?"

"எறங்கலன்னுதானே சொல்றேன்! எறங்கினா அந்த கமலாக்கா மானத்த வாங்கிடும். பீகாரு பசங்களும் எறங்க மாட்டேன்றானுங்க. உன்னீஸ், உன்னீஸ்னு, பத்தொம்பதாம், என்னையே திருப்பித் திட்டறானுங்க. வெயிலு மண்டையப் பொளக்குது. எல்லாம் உன்னாலதான்."

"குந்தியிரு."

"எவ்ளோ நேரம்?"

"மீட்டரு வர்ற வரைக்கும்."

அவன் திட்டினான். தெலுங்கில் கொஞ்சம், உருதுவில் கொஞ்சம், போளூர்த் தமிழில் நிறைய. கேட்டுக்கே வந்துவிட்டார் போல, பின்னால் மாமாவின் குரலும் கேட்டது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே எட்டி அடுப்பை அணைத்தேன்.